மூணு வாட்டு ஆம்ப்ளிஃபயரும் மாமன் சீரும்

நாமகிரிப்பேட்டை

மதிப்பிற்குரிய மச்சான் சுவாமிநாதன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் காளிதாஸ் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை மஞ்சுளாவும் மகள் ரஞ்சிதாவும் நலம். உங்கள் நலம் கேட்கலாமென்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், வாட்ஸப்பிலும் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம்.

சத்தியமாகச் சொல்கிறேன், ரஞ்சிதாவுக்கு நிச்சயம் எதுவும் நடக்கவில்லை. தாய்மாமனுக்குச் சொல்லாமல், மாமன் சீர் இல்லாமல், ஒற்றைப் பெண்ணுக்குப் பூ வைக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை. எல்லாம் நீங்கள் கொடுத்த, பல்பு மாதிரி வால்வு எரியும் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரால் வந்த வினை.

"பாட்டுன்னா வால்வுல கேக்கோணும் மாப்பிள்ளை" என்று பொங்கலுக்கு அதைக் கொண்டுவந்து வைத்தீர்கள். வீட்டு ஸ்பீக்கரில் மாட்டினால், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியதுபோல முனகல். முழுக்கத் திருகினாலும் மிக்ஸி ஓடினால் பாட்டைக் காணோம். உங்களைக் கேட்டதற்கு, "அது மூணு வாட்டுதானுங்க. உங்க ஸ்பீக்கர் தீனி நெறையக் கேக்கும். கொஞ்சத்துக்கே நல்லாப் பாடறதா, நூறு டெசிபலுக்கு மேல பாருங்க" என்றீர்கள். சேலம் முழுக்க அலைந்தேன், எந்தக் கடைக்காரனும் தொண்ணூறைத் தாண்டவில்லை. கடைசியில் மைக் செட் பொன்னன்தான், "நம்ம குழா ஸ்பீக்கரு நூத்தஞ்சு வருமுங்க" என்றான். அதில் பதினாறு ஓம் என்று போட்டிருந்தது, உங்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் பதினாறு ஓமுக்கு ஒரு முனை இருந்தது. ஜாதகம்கூட இவ்வளவு பொருந்தாது என்று வாங்கி வந்துவிட்டேன்.

"குழா ஊட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்" என்றாள் உங்கள் தங்கை. சரியென்று மொட்டை மாடியில் கட்டி, ஒயரைக் கீழே இழுத்து, பழைய முனகல் பழக்கத்தில் முழுக்கத் திருகிவிட்டு, சோதனைக்கு நாதஸ்வரம் போட்டேன். மூணு வாட்டு மச்சான், மூணே வாட்டு! பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம். அன்று வளர்பிறை முகூர்த்தம் என்று யார் கண்டது? குழாய் கட்டி நாதஸ்வரம் போட்டால் விசேஷ வீடு, பந்தி உண்டு என்று நம் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் அந்நேரம் மறந்து தொலைந்தது. பங்காளி ரங்கன் வெள்ளை வேட்டியோடு வந்து, "ஏனுங்க, பங்காளிக்குக்கூடச் சொல்லாம நிச்சயமுங்களா?" என்று வாசலிலேயே நின்றுகொண்டான். பின்னாலேயே பாதி ஊர். வேறு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த தம்மம்பட்டிக்காரர்கள் இதுதான் இடமென்று வேனை நிறுத்தி இறங்கிவிட்டார்கள். பாதிப் பேர் கோபத்தில், மீதிப் பேர் பசியில். "ஸ்பீக்கர் பொருந்துதான்னு பாக்கறேனுங்க" என்றால் எவன் நம்புகிறான்! என்னைத் திட்டிக்கொண்டே மஞ்சுளா அண்டாவில் உப்புமா கிண்டினாள், ரஞ்சிதா காப்பி கொடுத்தாள். அதற்குள் எதிர்வீட்டு அத்தாயி சேலம் பஸ் ஏறி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் உங்கள் வாசலுக்கே வந்து பற்றவைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மஞ்சுளா என்னோடு பேசுவதில்லை. "எங்கண்ணன் வாசப்படி மிதிக்காம இந்த ஊட்டுல ஒரு நல்லதும் நடக்காது" என்று சுவரிடம் சொல்கிறாள். எனக்கு அழுகையே வருகிறது. குழாயை இன்றே இறக்கிவிடுகிறேன். நிச்சயம் இல்லை, இல்லவே இல்லை. ஒரு நடை வந்து அவள் மனதை ஆற்றுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். உங்கள் வால்வுகள் அணையாமல் எரிய மாரியாத்தா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
காளிதாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது தம்மம்பட்டியிலிருந்து போன். அன்று மகன் மதனோடு வந்து உப்புமா சாப்பிட்டுப் போன ராமாத்தாள் அம்மா, அவனுக்கு நம் ரஞ்சிதாவைக் கேட்கிறார். ரஞ்சிதாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், "அவரு நம்பர் எங்கிட்டயே இருக்குதுப்பா" என்கிறாள். அடுத்த புதன்கிழமை நிச்சயம். மேலே இல்லவே இல்லை என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். மாமன் சீரோடு முந்தின நாளே வந்துவிடுங்கள், குழாயை இறக்க வேண்டாம் என்கிறாள் உங்கள் தங்கை. இந்தத் தடவை உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். ஆனால் போன் வந்தபோது அத்தாயி இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இப்போது ஆளைக் காணோம், சேலம் பஸ் ஹாரன் கேட்கிறது.