கிணற்றில் விழுந்த செல்லக்கிளி

அந்த வருஷம் சிம்மக்கல்லில் வைத்தியர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளெல்லாம் வைகைக் கரைக்குப் பேய் ஓட்டப் போய்விட்டார்கள். அங்கே கோடாங்கி பேயாண்டி உடுக்கை அடித்தால், செத்தவர் பெயரும் செத்த விதமும் அவர் வாயில் தானாக வருமாம். கூட்டத்தில் படித்தவர்களுக்கும் குறைவில்லை. படிப்பு வேறு, யோசனை வேறுதானே!

விளாங்குடி சோணையும் தன் அப்பா நல்லகாமனை வண்டி கட்டிக் கூட்டிவந்தான். கூடவே மனைவி அன்னக்கொடி.

நல்லகாமனுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாப்பிட்ட கை ஈரம் காயுமுன், "எனக்குச் சோறு போட மாட்டீகளா?" என்பார். பெற்ற மகனிடம், "யாருப்பா நீ?" என்பார். என்றோ விற்றுப்போன வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிடுவார். துரத்திப் பிடித்து, குளிப்பாட்டி, ஊட்டிவிடுவதெல்லாம் அன்னக்கொடி. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவாள். பார்க்க வரும் சொந்தங்கள் அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "மருமக கவனிக்கிறதில்லையாம்ல" என்று போவார்கள்.

கூட்டத்தில் ஒரு பெண் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். "பாவம் தாயி, இப்படி இளைச்சுட்டியே! வீட்டுல யாராச்சும் அகாலமாப் போனாகளா? பேரென்ன?"

அன்னக்கொடியை யாராவது விசாரித்தே வெகுகாலம் ஆயிற்று. அழுகை முட்டியது. கடைசிக் கேள்வியில் அது நின்றது. ஆறுதலுக்கு எதற்குப் பெயர்? சற்றுமுன் கோடாங்கியின் கொட்டகைக்குள் போன ஒரு ஜவுளிக்கடைக்காரரிடமும் இவளேதான் பேசிக்கொண்டிருந்தாள்!

"செல்லக்கிளின்னு ஒருத்தி. கிணத்துல விழுந்துட்டா" என்றாள்.

அந்தப் பெண் மெல்ல எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

இவர்கள் முறை வந்தது. உடுக்கை அதிர்ந்தது. பேயாண்டி தலைவிரித்து ஆடி, பெண்குரலில் கீச்சிட்டார்: "நான்தான்டா செல்லக்கிளி! கிணத்துல விழுந்து செத்தவ! இந்தக் கிழவனை விடமாட்டேன்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சோணை மட்டும் திருதிருவென விழித்தான்.

"ஒரு மண்டலம் சங்கிலியில கட்டிப்போட்டு அடிச்சாத்தான் போவா" என்று சாட்டையை எடுத்தார் பேயாண்டி. நல்லகாமன் நடுங்கி, மருமகள் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்னக்கொடி குறுக்கே நின்றாள். "சாமி, செல்லக்கிளி எங்க வீட்டு எருமை. கிணத்துல விழுந்தது நிசந்தான். கவுறு போட்டுத் தூக்கிட்டோம். காலையில பால் கறந்துட்டுத்தான் வாரேன். அது எப்பச் சாமி இம்புட்டு நல்லாத் தமிழ் பேசப் பழகுச்சு?"

கரையே சிரித்தது. ஜவுளிக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! எங்க அக்கா பேரையும் நான் அந்தப் பொம்பளகிட்டத்தானே சொன்னேன்!"

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். பேய் ஓட்டுகிறவர் மணலில் ஓடிய ஓட்டத்தை அன்று மதுரை பார்த்தது.

"பேய் இல்லைன்னா, அப்பாவுக்கு என்னதான் புள்ள?" என்றான் சோணை.

"வயசுச் சீக்குங்க. ஆஸ்பத்திரியில கேப்போம். அவரை அடிக்க வேணாம், கட்ட வேணாம், பாத்துக்கிட்டாப் போதும். ஆனா நான் ஒருத்தியே பாத்தா, அடுத்து எனக்குத்தான் உடுக்கை அடிக்கணும்."

மறுநாள் அப்பாவைக் குளிப்பாட்டப் போன சோணை, தானும் தொப்பலாக நனைந்து வந்தான். அன்னக்கொடி பட்டப்பகலில் அசந்து தூங்கினாள்.

நல்லகாமனுக்கு மறதி நோயால் வந்தது. யோசிக்க மறந்த நமக்கு எதனால் வந்தது, ஐயா?