கூடிப்போன கரி

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. (துரத்தும் நிலையில் சூப்பர்வைசர் இல்லை.)

எழுபதுகளின் கடைசி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கூலி வேலை. படுக்கை ஒழுகும் கொட்டகையில். ஸ்டோர் மின்விசிறியின் சுவிட்சில் கைப்பிடி உடைந்து இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் தட்டித்தான் போடுவார்கள்.

"அது சரியாக்கித் தந்தா மழை முடியுற வரைக்கும் உனக்கு உள்ளயே வேலை, உள்ளயே படுக்கை" என்றார் கோட்டயத்துக்கார சூப்பர்வைசர்.

அடுப்புக் கதகதப்பில் உறங்கலாம்! ஏழாம் வகுப்பைத் தாண்டாத நான் எஞ்சினியர் ஆனேன்.

மெயினை அணைத்துவிட்டு, பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனில் கொஞ்சம் கரி கலந்து இரும்பில் பூசினேன். போடி வெல்டிங் பட்டறையில் கேஸ் புகையிலிருந்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்த கரி, மாவைவிட மென்மை. (ரப்பரில் கரண்டு பாயாது; டயரும் கறுப்புத்தானே.) காய்ந்ததும் மெயினைப் போட்டு டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த காளியம்மாக்கா எட்டிப் பார்த்தார். "என்ன அப்பு, செத்த எலி வாலு கணக்கா இருக்கு?"

ரோசம் வந்துவிட்டது. மறுபடி மெயினை அணைத்து அந்தப் பூச்சை உரித்தேன். டப்பாவிலிருந்த கரி முழுவதையும் கொட்டிக் கலந்து புதிதாகப் பூசினேன். கன்னங்கரேல் என்று இருந்தது. மெயினைப் போட்டேன். டெஸ்டரா? அதுதான் காலையிலேயே பார்த்தாயிற்றே!

மழையில் நனைந்து வந்த சூப்பர்வைசர், "கொள்ளாமெடா!" என்று மலையாளத்தில் மெச்சிக்கொண்டே சுவிட்சைப் பிடித்தார். மறுகணம் பச்சைக்காய்க் குவியலில் மல்லாந்து கிடந்தார்.

"எலி உசிரோடதான் இருந்திருக்கு" என்றார் காளியம்மாக்கா.

சூப்பர்வைசருக்குக் காயமில்லை. பேச்சு வந்ததும் வாசலைக் காட்டினார்.

பாதி மலையில் ஒரு ஜீப்பு ஏற்றிக்கொண்டது. உள்ளே இருபது பேர். கடைசி ஆள் தும்மினால் டிரைவர் முழங்கை ஹாரனில் இடித்தது.

ரேடியோ மெக்கானிக்கான என் மச்சான் பின்னாளில் விளக்கினார்: "கரி கொஞ்சமா இருந்தா துகளெல்லாம் ரப்பருக்குள்ள தனித்தனியா நிக்கும் மாப்ளே. கூடிருச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, கரண்டுக்குப் பாதை போட்டுரும்." எனக்கு அந்த ஜீப்பு நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த மனைவிக்குத்தான் கொண்டாட்டம். இன்றும் நான் எதையாவது 'சோதித்துவிட்டேன்' என்றால் கேட்பாள்: "எப்ப? கரி கொட்டுறதுக்கு முந்தியா, பெறகா?"

மலையிறங்கிய மறுநாள் காலையே ராசிங்காபுரத்தில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடக் கரும்பலகைக்குக் கறுப்புப் பூச வேண்டும். பூசி முடித்து டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். வாத்தியார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.