கற்பூரம் கண்டு வடத்தை விட்ட விவரம்

ஓயாது ஆடியும் களைப்பறியாத தில்லைக் கூத்தன் திருவடி துணை.

சிங்கப்பூர், சிராங்கூன் சாலை,
சௌமிய வருடம், தை மாதம்.

நாகப்பட்டினத்தில் சிவபூசை தவறாது வாழும் மைத்துனர் மாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு மருதப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் தங்கள் தங்கை ரத்தினம்மாவும் நானும் நலம். அவ்விடத்து நலம் வேண்டி அன்றாடம் விளக்கேற்றுகிறோம்.

"கயிறு இழுத்து விளையாடுகிறவனுக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதப் புத்தி எப்படி நிலைக்கும்? பாலகிருஷ்ணனை அடுத்த கப்பலில் அனுப்பிவிடவும்" என்று தாங்கள் இட்ட கட்டளை கிடைத்தது. பெற்றவர் சொல்லுக்கு மறுசொல் ஏது? தங்கள் குமாரனைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "கப்பல்ல ஏத்துங்க மாமா. தோத்த பயலா மட்டும் ஏத்தாதீங்க." ஆகவே நடந்ததை உள்ளபடி அறிவிப்பது என் கடமையாயிற்று.

ஆங்கிலப் புத்தாண்டு தோறும் எஸ்பிளனேட் திடலில் நடக்கும் வடமிழுப்பைத் தாங்கள் மறந்திருக்க நியாயமில்லை. நம் இருவர் மீசையும் கறுத்திருந்த காலத்தில் வடத்தின் கடைசி ஆளாக நின்றவர் தாங்களேயன்றோ? மழைச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து, இடுப்பு வேட்டி அவிழ்ந்து போயும், வடத்தை விடாமல் வெறுங்கோவணத்தோடு நின்ற அத்திருக்கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. துரைசானிமார் குடையால் முகம் மறைத்தார்கள். போட்டி முடிந்து எருமைத் தொழுவங்களின் பக்கமாகப் பால் வாங்கிக் குடித்து, பதிகம் பாடிக்கொண்டே வீடு திரும்பினோம். அந்தப் பாலின் சுவை பிறகு எந்தப் பாலிலும் எனக்கு வாய்க்கவில்லை. அந்த ரத்தம்தான் இந்தப் பிள்ளையிடமும் ஓடுகிறது. அவனை மட்டும் குறை சொல்வதெப்படி?

அவனோ நம்மைப்போல் வெறும் பலத்தை நம்புகிறவனல்லன். டிரில் வாத்தியார் ஒருவரிடம் மூச்சு விடும் முறையும் குதிகால் ஊன்றும் முறையும் கற்றான். கிட்டங்கியில் சரக்கு ஏற்றும் கப்பியில் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, நம் அணியின் ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் இழுக்க வைத்துப் பார்த்தான். "பத்துப் பேர் சேர்ந்தா பத்தாள் பலம் வராது மாமா. பக்கத்துல நிக்கிறவன் இழுப்பான்னு ஒவ்வொருத்தனும் கொஞ்சம் அசந்துடறான்" என்றான். பத்துப் பேர் மூச்சையும் ஒன்றாக்க விசில் ஊதினான். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். இங்கிலீஷில் எண்ணினான், ஒன்றுக்கு இழுப்பதா மூன்றுக்கு இழுப்பதா என்று அவர்களுக்குள் அடிதடியாயிற்று. பிறகே அடியேனை நாடினான். அந்தப் பத்துப் பேரும் ஆண்டுதோறும் நம் கோயில் தேர்வடம் பிடிப்பவர்கள். நான் பதிகம் எடுத்தேன். அடி முடியும் இடந்தோறும் பத்துத் தோளும் ஒரு தோளாயின. பலம் உடம்பில் பாதி, செவியில் பாதி என்று அன்று கண்டேன்.

புத்தாண்டன்று பாலகிருஷ்ணனும் பத்தில் ஒருவனாக வடம் பிடித்தான். எதிரே நின்றது துறைமுகத்து அணி. ஒவ்வொருவரும் ஒரு கதவு அகலம். நான் கண்ணை மூடிப் பாடினேன். வடம் நம் பக்கம் வந்தது, வந்தது, இன்னும் ஒரு முழந்தான் பாக்கி. அவ்வேளை கூட்டத்திலிருந்த தங்கள் தங்கை, மருமகனுக்குக் கண் பட்டுவிடுமென்று, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு தேர் நின்று ஆராத்தி கொள்ளும் வழக்கம் தாங்கள் அறிந்ததே. சுடரைக் கண்டதும் பத்துப் பேரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தலைமேல் குவித்து "அரோகரா!" என்றார்கள். பின்னால் சாய்ந்திருந்த துறைமுகத்தார் அத்தனை பேரும் மல்லாந்து உருண்டு, துரைமார் தேநீர்க் கூடாரத்துக்குள் போய்த்தான் நின்றார்கள்.

வடத்தை விட்டவர்களே தோற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று.

"ஏண்டா, மூச்சு முறை சொல்லிக் கொடுத்த நீயுமா விட்டே?" என்றேன்.

"இழுடான்னுதான் மூளை சொல்லிச்சு மாமா. கை கேக்கல."

ரத்தினம்மாவைக் கடிந்தேன். "சாமிக்கு நிக்காத கால், வெள்ளைக்காரன் விசிலுக்குத்தான் நிக்கணுமாக்கும்? போங்க, போய்ச் சாப்பிடுங்க" என்றாள். போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இனி இக்குடும்பத்தில் எவரும் வடத்தைத் தொடோம். பாலகிருஷ்ணன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்து சேருவான். தங்கள் இல்லத்தில் நெல்லும் நல்ல சொல்லும் குறையாதிருக்க இறைவன் அருள்க.

இங்ஙனம்,
மருதப்பன்

பின்குறிப்பு: இதை உறையிலிடும் வேளையில் துறைமுக அணியின் தலைவர் அப்துல் அஜீஸ் முழங்கையில் கட்டோடு வந்தார். "விழுந்தது நாங்க, தோத்தது நீங்கன்னா இது என்ன நியாயம் பெரியவரே? ஜெயிச்சோம்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. பங்குனியில இன்னொரு தரம் இழுப்போம் லா!" என்றார். மறுக்க மனம் வரவில்லை. பிள்ளையின் பெட்டியை அவிழ்த்துவிட்டோம்; வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவன் வரமாட்டான். ஆனால் நம் கடைசி ஆளுக்கு அம்மை போட்டிருப்பதால் அவ்விடத்தில் நானே நின்று பழகிப் பார்த்தேன்; இடுப்பு பிடித்துக்கொண்டது. இவ்வரிகளைக் குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன்; எழுந்திருக்க இன்னும் சில நாளாகுமாம். தாங்கள் உடனே கப்பலேறவும். தங்கள் கால்களுக்கு வலிமையும் தங்கள் குடும்பத்துக்குக் குறையாத மங்கலமும் உண்டாகுக.