'பிரிக்காதே' சிஸ்டரின் பௌர்ணமி

திருவண்ணாமலைத் தேரை ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்தால் நகர்ந்துவிடும். எங்கள் ஆஸ்பத்திரியின் 'பிரிக்காதே' சிஸ்டரை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து நகர்த்த ஆளே கிடையாது. மூன்று மேனேஜர்கள் முயன்றார்கள். மூவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. பயன்பட்டாலும் படாவிட்டாலும், பிரித்த நூல், கையுறை பாக்கெட் எல்லாம் நோயாளியின் பில்லில் ஏறும். இரண்டு வயதுக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றாலும், பெரியவர்களுக்கான செட் முழுவதையும் பிரித்து அடுக்குவார்கள். சிஸ்டர் வந்தபின், டாக்டர் வாய்விட்டுக் கேட்காமல் எதுவும் பிரியாது.

"நூலு குடுங்க சிஸ்டர்."

"கையில இருக்கிறது தீரட்டும் டாக்டர்."

டாக்டர் பல்லைக் கடிப்பார். ஆனால் தன் பேரனுக்கு ஆபரேஷன் என்றபோது, சிஸ்டர்தான் கூட நிற்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

வீட்டிலும் அதே கதைதான். தீபாவளிக்கு நான் கொடுத்த ஸ்வீட் பாக்ஸைப் பொங்கலன்று அப்படியே பார்த்தேன். "யாரும் கேக்கலையே தம்பி" என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. இது அவர் போட்ட சட்டம். "அம்மா மடி இருக்கும்போது ரூமு எதுக்கு?" என்பார். ஆகவே பௌர்ணமியன்று பிள்ளைகளுக்குத் தேதி கொடுக்கவே கூடாது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராது. தங்கினால் இன்னொரு நாள் வாடகை.

தேதி போடும் மகானுபாவன் நான். காலண்டரைப் பார்க்காமல் கீழ்பென்னாத்தூர்க் குழந்தை ஒன்றுக்குப் பௌர்ணமியைப் போட்டுத் தொலைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் குழந்தை பால் குடித்துச் சிரித்தது. டாக்டரும் போகலாம் என்று எழுதிவிட்டார். புதிதாக வந்த மேனேஜர் மட்டும், "ரோடு மூடிட்டாங்க. ரூம நாளைக்கும் எழுதிடு" என்றார் என்னிடம்.

"மல்லாட்டை போட விதைக்கடலை வாங்க வெச்சிருந்த பணத்தத்தான் கட்டினேன். இனிமே ஒண்ணும் இல்லீங்க" என்றார் குழந்தையின் அப்பா.

சிஸ்டர் குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குன்னு ஒரு எழுத்து எழுதினே, கைய ஒடிச்சிடுவேன். பையத் தூக்கு!"

"வெளிய போனீங்கன்னா மெமோ குடுப்பேன்" என்றார் மேனேஜர்.

"ரெண்டா குடுங்க சார். ஒண்ணு எனக்குப் பத்தாது."

ஊரே ஒரு பக்கமாக வர, சிஸ்டர் எதிர்ப்பக்கம் நடந்தார். பின்னால் அப்பா, அம்மா, பைகளோடு நான். "வழி விடுங்கப்பா, ஆபரேஷன் ஆன புள்ள!" என்ற சத்தத்துக்குக் கூட்டம் "அரோகரா" என்று ஒதுங்கியது. ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"யம்மா, இது ஒன்வே."

"புள்ள வீடு அந்தப் பக்கம்தான் இருக்குது சார். நான் என்னா பண்றது?"

அவரே முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார். திண்டிவனம் சாலையில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்ட் வரை, சிஸ்டர் கையில் தூங்கிப்போன குழந்தை விழிக்கவேயில்லை. பஸ் நகரும்வரை சிஸ்டர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "காயத்துல தண்ணி படக்கூடாதும்மா" என்று பத்துத் தடவை சொன்னார்.

திரும்பும் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். கிரிவலம் போயிருந்தால்கூட எனக்கு அத்தனை நிம்மதி கிடைத்திருக்காது.