திட்ட விலக்கமும் திட்டு விலக்கும்

இனிமேல் உணர்ச்சிக்கு இடமில்லை, கணக்குக்குத்தான் இடம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார் நம்ம கதாநாயகர். காப்பீட்டு அலுவலகத்தில் எந்த வண்டி மோதும், யார் மாடிப்படியில் உருளுவார் என்று கணக்குப் போடுவதுதான் அவர் தொழில். ஊரார் விழுவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். தான் விழுவது மட்டும் விழுந்த பிறகுதான் தெரியும்.

அலுவலகத்தில் ஒரு விளையாட்டு. நிஜக் கால்பந்து வீரர்களில் பதினொரு பேரை வாராவாரம் ஃபோனில் தேர்ந்தெடுக்க வேண்டும். மைதானத்தில் அவர்கள் கோல் போட்டால் நமக்கு மதிப்பெண். உதை வாங்குவது அவர்கள், உதார் விடுவது நாம். அதில் இவர் கடைசி இடம். அந்த அவமானத்தில்தான் சூத்திரம் பிறந்தது.

"சராசரியை மட்டும் பாத்தா போதாது. திட்ட விலக்கமும் பாக்கணும்" என்றார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மணி நிமிரவில்லை. "என்ன விலக்கு?"

"திட்ட விலக்கம். ஒருத்தன் ஒரு வாரம் பிரமாதமா ஆடுவான், மறுவாரம் சொதப்புவான். எவ்வளவு தடுமாறுறான்னு அளக்கறது. அது கம்மியா இருந்தா ஆளைக் கண்ண மூடிட்டு நம்பலாம்."

"ஓ. நான் திட்டறதுலேர்ந்து விலக்கு கேக்கறீங்களோன்னு நெனச்சேன்."

அவர் காது விடைத்துக்கொண்டது. "குடுப்பியா?"

"ஜெயிச்சா குடுக்கறேன். நானும் ஒரு டீம் போடறேன். என்னைவிட ஒரு மார்க் கூட எடுங்க. சீசன் முடியறவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு திட்டு கிடையாது, சோபாவுல கால நீட்டி மேட்ச் பாருங்க. தோத்தா, ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திட்டு சாமானியப்பட்டதில்லை. காலைக் காப்பியோடு ஆரம்பித்தால் ராத்திரி விளக்கணைக்கும்வரை இடைவேளையே கிடையாது. அதிலிருந்து விடுதலை என்று நினைக்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது. எதிராளியோ, கோல்கீப்பரைக் 'கையால பந்தைத் தொடற திருடன்' என்று சொல்லுகிறவள்.

"உங்க டீமைச் சொல்லுங்க, கேப்போம்."

மடிக்கணினியைத் திறந்து படித்தார்.

"சரி, வேண்டாம்னு தள்ளினவங்க யாரு?"

"அதெதுக்கு?"

"பாவம், அவங்க பேரையும் யாராவது சொல்லணுமில்ல?"

சந்தோஷமாகச் சொன்னார். இவன் கிழவன், ஓடினால் மூச்சு வாங்கும். அவன் பந்தைக் கண்டாலே ஒதுங்குவான். இன்னொருத்தனுக்குப் பாதி நேரம் முழங்கால், மீதி நேரம் முதுகு. அம்மணி ஃபோனில் தட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவோடு வம்பளக்கிறாளாக்கும் என்று இவர் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டிலும் கணக்கு விடவில்லை. முன்னால் நிற்பவர்களின் கூடைகளை நோட்டம் விட்டு, காசாளரின் கைவேகத்தையும் அளந்து, "இந்த வரிசைதான்" என்று போய் நின்றார். அம்மணி தள்ளுவண்டியோடு பக்கத்து வரிசைக்குப் போனாள். இவர் வரிசையில் ரசீது இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வெறுங்கையோடு இவர் வெளியே வந்தபோது அம்மணி காரில் சாமான்களை ஏற்றி முடித்திருந்தாள்.

"இது ஒரு விதிவிலக்கு" என்றார்.

"இதுக்கும் ஒரு விலக்கா?"

ஞாயிறு வந்தது. திட்ட விலக்கம் ஆகக் குறைந்த ஆளை, அதாவது தடுமாற்றம் என்பதே அறியாத தங்கத்தை, இவர் கேப்டனாகப் போட்டிருந்தார். அந்தத் தங்கம் ஆட்டம் சூடு பிடிக்குமுன்பே நடுவரைத் தள்ளிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கியது. கேப்டனின் மதிப்பெண் இரட்டிப்பு என்பது விதி. கழித்தல் மதிப்பெண்ணும் இரட்டிக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மற்றவர்கள் தலைவனைப் பின்பற்றினார்கள். மூச்சு வாங்கும் கிழவனோ மூன்று கோல் போட்டான்.

அம்மணி தன் ஃபோனை நீட்டினாள். அவள் டீமில் கேப்டன், அந்தக் கிழவன். கூடவே முழங்கால்காரன், பந்தைக் கண்டு ஒதுங்குகிறவன், எல்லாரும் இருந்தார்கள்.

"இவங்கல்லாம் நான் தள்ளினவங்களாச்சே?"

"அதான் என் சூத்திரம்."

"இதெல்லாம் ஒரு சூத்திரமா?"

"கல்யாணமான நாளா பாத்துட்டு வர்றேன். நீங்க நின்ன வரிசை நகர்ந்ததில்ல. நீங்க அளந்து வாங்கின சோபா வாசல்ல நுழையல, கதவைத்தான் கழட்டினோம். குடை வேணாம்னு நீங்க சொன்னா அன்னிக்கு மழை. ஒருதடவைகூடத் தப்பினதில்ல. இவ்வளவு கம்மியா திட்ட விலக்கம் உள்ள ஆளு உலகத்துலயே கிடையாதுங்க. கண்ண மூடிட்டு நம்பலாம்."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு துருப்புச்சீட்டு மிச்சமிருந்தது. அதை எடுத்து வீசினார்.

"அப்போ உன்னைத் தேர்ந்தெடுத்தேனே, அது மட்டும் எப்படிச் சரியா அமைஞ்சது?"

அம்மணி சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள்.

"நீங்க இந்தப் பொண்ணு வேணாம்னுதான் தள்ளினீங்க, உங்கம்மாதான் கேக்கல. வெங்காயம் அந்தக் கூடையில இருக்கு."