சுந்தரலிங்கத்தின் இரண்டு திகதிகள்

சுந்தரலிங்கம் எந்த நாளில் இறந்தார் என்று துஷ்யந்திக்குச் சந்தேகம் வந்தபோது, அவருடைய முப்பத்தோராம் நாள் அழைப்பு இருநூறும் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தன.

கண்டியில் ஹுஸைன் நானாவின் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் படித்து, பெயரையும் திகதியையும் பிரித்தெடுத்து, அட்டையை அமைத்துத் தரும் மென்பொருள் அவள் எழுதியது. ஒரு படமும் இரண்டு திகதிகளும் இருந்தால், பிறப்பு, இறப்பு என்று எடுத்துக்கொண்டு அது முப்பத்தோராம் நாள் அழைப்பாகவே அமைத்துவிடும்.

இந்தச் செய்தியை ஒரு படத்தோடு அனுப்பியவர் சுந்தரலிங்கத்தின் மகள். ‘அப்பா சுந்தரலிங்கம், தெல்தெனிய. 06/07/1965 – 07/06/2025. கார்ட் இருநூறு.’

ஜூலை ஆறு பிறப்பு, ஜூன் ஏழு இறப்பு. சரியாகத்தான் இருந்தது, செய்தி வந்த தொலைபேசி எண் கனடா எண் என்று கவனிக்கும்வரை.

“அங்க மாசத்தத்தான் நானா மொதல்ல போடுவாங்க.”

“அப்ப மாத்துங்க மகள். மௌத்து விஷயம், ஊகத்துல போடேலா.”

கனடா எண்களுக்கு மாதம் முதலில் என்று விதி சேர்த்தாள். இப்போது அவர் ஜூலை ஆறில் இறந்தார். அன்றைக்கு ஜூன் இருபதுதான்.

“இன்னும் வராத நாள்ல எப்பிடி மௌத்தாகுற?” என்றார் ஹுஸைன்.

வரப்போகும் திகதியாக இருந்தால் திருப்பிப் படி என்று இன்னொரு விதி எழுதினாள். பிறந்ததும் ஜூன் ஏழு, இறந்ததும் ஜூன் ஏழு.

ஹுஸைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவம், பொறந்த நாள்லயே.” ‘பிறந்த நாளிலேயே இறைவனடி சேர்ந்தார்’ என்று ஒரு வரி கூட்டி, புதிதாக இருநூறு அடித்தார்.

துஷ்யந்திக்கு மனம் ஆறவில்லை. துக்க வீட்டுக்குத் தவறான திகதி போய்ச் சேர்ந்தால் அந்தப் பாவம் தன்னுடையது. சுந்தரலிங்கத்தின் மகளுக்கு எழுதிப் பார்த்தாள். கனடாவில் தூங்கும் நேரம், பதில் இல்லை. இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினாள்.

விசாரித்துப் போய்த் தட்டிய வீட்டில் கதவைத் திறந்தவருக்குப் படத்திலிருந்த அதே மூக்கு. தம்பியாக இருக்கும் என்று நினைத்தாள். கட்டுக்கு ஒன்றாக இரண்டு அட்டைகளை இரு கைகளாலும் நீட்டினாள்.

“மன்னிச்சிக்கங்க ஐயா. ரெண்டுல எது சரின்னு எங்களுக்குத் தெரியல. ஐயா என்னைக்கித் தவறுனாங்கன்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் வாசலிலேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டையும், அவள் கைப்பேசியில் காட்டிய மகளின் செய்தியையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு, அவள் பயந்துவிடக் கூடாதென்பதுபோல் மெதுவாகச் சொன்னார்:

“மக எழுதின ரெண்டு திகதியுமே ஜூலை ஆறுதாம்மா, ஒண்ண நம்ம மாதிரியும் மத்தத கனடா மாதிரியும் எழுதியிருக்கா, அன்னைக்கி எனக்கு அறுபது முடியுது.”