அத்தானின் வண்டிக்கு இரண்டு கார்பரேட்டர்

அன்பும் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம், இன்னும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் அத்தான் பிடுங்கி, எந்தத் திருகு, எத்தனை சுற்று என்று விசாரிப்பார், ஆபரேஷன் ஆன நெஞ்சுக்கு அது ஆகாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும் என் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"என் வண்டி வந்தாத்தான் கட்டிலை விட்டு இறங்குவேன்" என்று அத்தான் பிடிவாதம் பிடிப்பது தெரியும். வெள்ளிக்கிழமை காலை வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும், இது என் வாக்கு. மெக்கானிக் அந்தக் காரின் பழைய இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுசாகப் பூட்டிவிட்டார். கார்பரேட்டர் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிவந்தேன். அதில் பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலக்காவிட்டால் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் திணறும், திணறினால் புதுப் பாகமெல்லாம் தேயும், பிடித்தால் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டணும் என்று அவர் சொன்னதும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒன்றின் உள்ளே இருந்த மிதவையைக் காதருகே ஆட்டினேன், பெட்ரோல் புகுந்து களக் களக் என்றது, ஓட்டை எங்கே என்று பார்க்க வெந்நீரில் அமுக்கினேன், குமிழி வந்தது, கூடவே என் மனைவியும் வந்தாள். "பால் காய்ச்சுற பாத்திரத்துல பெட்ரோல் வாசனை எப்படி வந்துச்சு?" என்றாள். விளக்கிச் சொன்னேன், அவள் முழுசாகக் கேட்கவில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு, கலவையைக் கூட்டிக் குறைக்கும் அடித்திருகை இரண்டு சுற்று இறக்கும்போது நீ போன் பண்ணினாய், திரும்பி வந்தால் எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்துபோச்சு, அந்தப் பதற்றத்தில் பெட்ரோலை அளந்து விடும் ஊசி இரண்டும் மேசைக்கடியில் உருண்டு ஓடின, எது எந்தக் கார்பரேட்டருடையது என்று அவையே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. மெக்கானிக் வந்து பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்காம இருந்தா நேத்தே பூட்டியிருக்கலாம் சார்."

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படிங்க பூட்டுறது?"

"ஊரே அப்படித்தான் சார் வண்டி ஓட்டுது."

மதியம் ஒருவழியாகப் பூட்டிவிட்டோம். நாலு மணிக்கு ஸ்டார்ட். அத்தானுக்கு உடம்பு தேறட்டும், வண்டி தாமதமானதில் உனக்கு என் மேல் இருக்கும் கோபம் ஆறட்டும்.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத உன் தம்பி

பி.கு.: அக்கா, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம், ஒரு இருமல்கூட இல்லை. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் நான் செய்ததில் ஏழு தப்பாவது இருக்க வேண்டுமே, பிறகு எப்படி ஓடியது? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அதனால் கார்பரேட்டர் இரண்டையும் மறுபடி கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு டாக்ஸி சொல்லிவிடு. வண்டி தயாராகவில்லை என்று சொன்னால் அத்தான் கட்டிலை விட்டு அசைய மாட்டார். வண்டி ஓடிவிட்டது, ஏன் ஓடியது என்றுதான் தெரியவில்லை என்று சொல். டாக்ஸியிலேயே ஓடி வந்துவிடுவார்.